ஏரிக்குள் நடக்கும் ஆட்டத்துக்கு எந்தப் பந்து?

தருமபுரி மாவட்டத்து ஊர்ப்புற கிரிக்கெட்டில் தோல் பந்துக்கு இடம் குறைவு. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும், நீர் வற்றிய ஏரியிலோ அறுவடை முடிந்த நிலத்திலோ பள்ளி மைதானத்திலோ நடக்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் ரப்பர் பந்திலும் டென்னிஸ் பந்திலும்தான் நடக்கின்றன. தோல் பந்துக்குப் புல் வளர்த்த ஆடுகளமும் கால்காப்பும் கையுறையும் ஹெல்மெட்டும் வேண்டும். டென்னிஸ் பந்துக்கு ஒரு மட்டையும் நட்டு வைக்க மூன்று குச்சியும் போதும். இந்த ஆட்டத்துக்கென்று தனி உலகமே இருப்பதைத்தான் 2024இல் வந்த ‘லப்பர் பந்து’ திரைப்படம் பேசியது. அதே ஆண்டு மார்ச்சில் டென்னிஸ் பந்தை வைத்தே இந்தியன் ஸ்ட்ரீட் பிரீமியர் லீக் தானேயில் தொடங்கியது. நடிகர் சூர்யா உரிமையாளராக இருக்கும் சென்னை சிங்கம்ஸும் அதில் ஓர் அணி.

தோல் பந்துக்கு விதி தெளிவாக இருக்கிறது: எடை 155.9 முதல் 163 கிராம் வரை, சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. வரை. டென்னிஸ் ஆட்டத்துக்கான பந்துக்கும் அப்படியே: 56 முதல் 59.4 கிராம், விட்டம் 6.54 முதல் 6.86 செ.மீ. ஆனால் டென்னிஸ் பந்தைக் கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்த பிறகு உருவான ‘ஹெவி’ பந்துகளுக்கு இப்படி எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் ‘ஹெவி’ இன்னொருவரின் ‘ஹெவி’யை விடக் கணிசமாகக் கனமாக இருக்கலாம். அதனால் பந்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை மேலுறையில் அச்சிட்ட சொல்லோடு முடிவதில்லை. எவ்வளவு தூரம் போகும், மட்டையிலும் கையிலும் எப்படி உணரப்படும், கொடுத்த காசுக்கு எத்தனை ஆட்டம் தாங்கும் ஆகிய மூன்றையும் பந்தின் இயற்பியலே தீர்மானிக்கிறது. அந்த இயற்பியலும் பெரும்பகுதி எடை என்ற ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது.

கடையில் கிடைக்கும் பந்துகளை அவற்றின் உள்ளமைப்பை வைத்துப் பிரிக்கலாம். மேலே துணி இல்லாத வெறும் ரப்பர் பந்து உள்ளே கூடாக இருக்கும். அரைக்கோள வடிவில் வார்த்த இரண்டு ரப்பர் கிண்ணங்களை ஒட்டி, மேலே ரோமம் எழும்பிய துணி போர்த்தினால் அது டென்னிஸ் பந்து. போட்டி டென்னிஸுக்கான பந்துகளில் உள்ளே காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள். அந்த அழுத்தம் ரப்பர் சுவர் வழியாக மெல்லக் கசிந்துவிடும் என்பதால்தான் அவை காற்றடைத்த டப்பாவில் விற்கப்படுகின்றன. டப்பா இல்லாமல் தனித்தனியாக விற்கும் கிரிக்கெட் டென்னிஸ் பந்து உள்ளழுத்தத்தை நம்பி வாழ முடியாது. தன் துள்ளலை அது சுவரின் தடிப்பிலிருந்துதான் பெற்றாக வேண்டும். ஹெவி பந்தில் சுவர் இன்னும் தடிப்பாக இருக்கும், அல்லது ரப்பர் கலவையே அடர்த்தியானதாக இருக்கும். இவற்றுக்கு அப்பால், உள்ளே கூடே இல்லாத கார்க் பந்து. அது வேறு சாதி, வேறு ஆபத்து. கடைசியில் பேச வேண்டியது அது.

தூரத்தில் தொடங்கலாம். மட்டையை விட்டுப் புறப்பட்ட பந்தின் மேல் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. ஒன்று, கீழே இழுக்கும் புவியீர்ப்பு. மற்றது, எதிர்த்துத் தள்ளும் காற்று. புவியீர்ப்பு எல்லாப் பந்தையும் ஒரே முடுக்கத்தில் இழுக்கும், எடை பார்க்காது. காற்று அப்படியல்ல. அது பந்தின் அளவையும் மேற்பரப்பையும் வேகத்தையும் பார்த்துத் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு எதிராக நின்று பிடிக்கும் வலிமை பந்தின் நிறையிலிருந்து வருகிறது. டென்னிஸ் பந்தும் தோல் பந்தும் அளவில் ஏறக்குறைய ஒன்று, விட்டத்தில் வித்தியாசம் அரை சென்டிமீட்டர் அளவுதான். ஆனால் நிறையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேறுபாடு. 108 கி.மீ. வேகத்தில் பறக்கும் 58 கிராம் டென்னிஸ் பந்தைக் காற்று தடுக்கும் விசை, அந்தப் பந்தின் சொந்த எடையைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குப் பக்கத்தில் வரும். அதே வேகத்தில் தோல் பந்துக்கு அது எடையில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இதை மைதானத்து அளவில் கணக்கிட்டால் படம் தெளிவாகும். மணிக்கு 108 கி.மீ. வேகத்தில், தரையிலிருந்து 40 டிகிரி சாய்வில், சுழற்சி இல்லாமல் பந்து புறப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், காற்றே இல்லாத உலகில் அது 90 மீட்டர் போய் விழும். தருமபுரியின் கோடைக் காற்றில் 58 கிராம் டென்னிஸ் பந்து சுமார் 45 மீட்டரிலேயே இறங்கிவிடும். 90 கிராம் ஹெவி பந்து 53 மீட்டர் வரை போகும். 160 கிராம் தோல் பந்து 65 மீட்டரை எட்டும். மூன்றும் மட்டையை விட்டது ஒரே வேகத்தில்தான். ‘லைட்’ எனப்படும் சாதாரண டென்னிஸ் பந்தின் பாதையும் வேறு மாதிரி இருக்கும். ஏறும்போது சீறிக்கொண்டு போகும். உச்சியைத் தாண்டியதும் முன்னேற்றம் தளர்ந்து, ஏறிய பாதையை விடச் செங்குத்தாகக் கீழே சாயும். எல்லைக்கோட்டில் நிற்பவர் பந்து தலைக்கு மேல் போய்விடும் என்று பின்வாங்கிவிட்டு, பிறகு முன்னால் ஓடி வரும் காட்சிக்கு இதுதான் காரணம்.

பந்துவீச்சிலும் இதே கதை. கையிலிருந்து 110 கி.மீ. வேகத்தில் விடுபட்ட பந்து 18 மீட்டர் காற்றில் வருவதற்குள், தரையில் குத்துவதன் இழப்பைச் சேர்க்காமலே, லைட் டென்னிஸ் பந்து 80 கி.மீ. அளவுக்குத் தளர்ந்துவிடும். 90 கிராம் பந்து 89இலும் தோல் பந்து 98இலும் இருக்கும். லைட் பந்தில் வேகப்பந்து வீசுபவர் தோள்பட்டையை எவ்வளவு வருத்தினாலும் மட்டையாளருக்குக் கிடைப்பது மிதமான வேகம்தான். அந்த ஆட்டத்தில் வேகத்தை விட இடமும் ஏமாற்றும்தான் விக்கெட் எடுக்கின்றன.

மட்டையிலிருந்து புறப்படும் வேகத்தில் மட்டும் லேசான பந்துக்கு ஒரு சிறு சலுகை உண்டு. கனமான பந்து மோதும்போது மட்டை அதிகம் பின்வாங்கும், லேசான பந்துக்கு மட்டை அசையாமல் நிற்கும். அதனால் ஒரே வீச்சில் அடித்தாலும் லைட் பந்து சற்று அதிக வேகத்தில் கிளம்பும். ஆனால் இந்த லாபம் பத்து சதவீதம் என்ற அளவில்தான் இருக்கும். காற்று அதை முதல் இருபது மீட்டரிலேயே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

இங்கே கோல்ப் பந்தைக் கொஞ்சம் கவனிப்பது பயன் தரும். தூரத்துக்காகவே செதுக்கப்பட்ட பந்து அது. 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டம், 45.93 கிராமுக்கு மிகாத எடை. டென்னிஸ் பந்தை விட லேசானது என்றாலும் குறுக்குவெட்டுப் பரப்பு அதில் பாதிக்கும் குறைவு. தவிர, மேற்பரப்பு முழுவதும் குழிகள். வழவழப்பான உருண்டை காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, அதை ஒட்டி வரும் மெல்லிய காற்றடுக்கு பக்கவாட்டிலேயே பிய்ந்துகொண்டு, பின்னால் அகலமான வெற்றுச் சுழலை விட்டுச் செல்கிறது. முன்னால் அழுத்தம், பின்னால் வெறுமை. பந்து பின்னோக்கி இழுக்கப்படுவதற்கு அதுதான் பெரிய காரணம். குழிகள் அந்தக் காற்றடுக்கைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்று பந்தின் வளைவை ஒட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பின்னால் வரை போகும். சுழல் குறுகும், இழுவை பாதியாகக் குறையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய, கீறல் விழுந்த பந்துகள் புதியவற்றை விட நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தார்கள். 1905இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் குழிகளுக்குக் காப்புரிமை வாங்கினார்.

அப்படியானால் சொரசொரப்பான டென்னிஸ் பந்தும் நன்றாகப் பறக்க வேண்டுமே என்று தோன்றும். அங்கே ரோமம் காரியத்தைக் கெடுக்கிறது. காற்றடுக்கை அது கலக்குவது உண்மைதான். ஆனால் எழுந்து நிற்கும் ஒவ்வொரு இழையும் தனித்தனியே காற்றைப் பிடித்து இழுக்கிறது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ரபி மேத்தா காற்றுச் சுரங்கத்தில் டென்னிஸ் பந்துகளை வைத்துச் சோதித்தவர். கிரிக்கெட் பந்தின் ஸ்விங் பற்றி 1983இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களிலும் ஒருவர். புதிய டென்னிஸ் பந்தின் இழுவையில் கணிசமான பங்கு இந்த ரோமத்தால் வருகிறது என்பதை அத்தகைய சோதனைகள் காட்டின. துணி தேய்ந்து படிந்த பந்து காற்றில் புதியதை விடச் சுலபமாகப் போகும். அதே பந்தின் ரப்பர் இதற்குள் அயர்ந்திருந்தால் மட்டையிலிருந்து கிளம்பும் வேகம் குறைந்திருக்கும். நடு வயதுப் பந்துதான் அதிக தூரம் போகிறது என்று சில ஆட்டக்காரர்கள் சத்தியம் செய்வதில் அறிவியல் இல்லாமல் இல்லை.

காற்றின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்க்கலாம். தருமபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரே வெப்பநிலையில் சென்னைக் காற்றை விட இங்கே காற்று ஐந்து சதவீதம் அளவுக்கு லேசு. லைட் பந்துக்கு இதனால் கிடைக்கும் லாபம் ஒரு மீட்டர்தான் இருக்கும். அதற்காகப் பந்தை மாற்ற வேண்டியதில்லை. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் விளையாடப் போனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

தூரத்துக்கு அடுத்தது துள்ளல். ஒரு பந்தைக் கெட்டியான தரையில் போட்டால் விழுந்த உயரத்துக்கு அது திரும்ப எழுவதில்லை. நசுங்கி விரியும்போது ரப்பர் வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பித் தராமல் வெப்பமாக வைத்துக்கொள்கிறது. டென்னிஸ் விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்ட சாதாரணப் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். அதாவது ஆற்றலில் பாதியைக் கொஞ்சம் தாண்டித் திரும்புகிறது. வேகத்தில் சொன்னால் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு. தோல் பந்து மண் ஆடுகளத்தில் இதை விட வெகுவாகக் குறைவாகவே எழும்.

கிராமத்து ஆட்டத்தின் உத்தி முழுவதையும் இந்த ஒரு வேறுபாடு மாற்றிவிடுகிறது. தோல் பந்தில் ‘நல்ல லெங்த்’ எனப்படும் இடத்தில் குத்தினால் பந்து ஸ்டம்பின் உச்சிக்கு வரும். அதே இடத்தில் டென்னிஸ் பந்து குத்தினால் நெஞ்சுக்கு எழுந்து, மட்டையாளர் தூக்கி அடிக்க வசதியாக நிற்கும். அதனால் டென்னிஸ் பந்தில் பழகிய வீச்சாளர் ஒன்று பந்தைக் குத்தவே விடாமல் காலடியில் இறக்குகிறார், அல்லது வேகத்தை மாற்றுகிறார். தருமபுரியை ஒட்டிய சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த த. நடராஜன் 2020 ஐபிஎல் பருவத்தில் அடுத்தடுத்து யார்க்கர்களாக வீசித்தான் எல்லார் கண்ணிலும் பட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று கான்பெராவில் இந்திய ஒருநாள் அணிக்கும், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் அணிக்கும் ஆடினார். சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியின் விரல் வித்தைகளுக்கும் டென்னிஸ் பந்து ஆட்டம்தான் பட்டறை. லேசான, துணி போர்த்திய பந்து விரலிடுக்கில் அழுந்தி நிற்கும், சிறு விசையிலும் நிறையச் சுழலும்.

வெயில் துள்ளலைக் கூட்டும். சூடான ரப்பர் குறைவான ஆற்றலை விழுங்குகிறது. உள்ளே அடைபட்ட காற்றும் விரிய முயல்கிறது. 25 டிகிரியில் இருந்த பந்து வெயிலில் கிடந்து 45 டிகிரிக்குச் சூடானால் அதன் உள்ளழுத்தம் சுமார் ஏழு சதவீதம் ஏறும். காலையில் ஆடிய பந்தே நண்பகலில் அதிகம் எகிறுவது இதனால்தான். பனி பெய்த புல்லிலோ மழைக்குப் பிந்தைய ஈரத்திலோ ஆடினால் எதிர்மாறு. துணி தண்ணீரைக் குடித்துப் பந்தின் எடையைக் கூட்டும், தரையில் வழுக்கும், துள்ளல் செத்துப்போகும்.

துள்ளலைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. சுவரில் இரண்டு மீட்டர் உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து பந்தைச் சிமென்ட் தரையில் விட்டால் போதும். டென்னிஸ் விதியை நிறைவு செய்யும் பந்து 106 முதல் 116 செ.மீ. வரை எழும். ஹெவி பந்துக்குப் பொது எண் ஒன்று சொல்ல முடியாது. புதிதாக வாங்கிய அன்று எழுந்த உயரத்தைக் குறித்து வைத்து, பிறகு அதோடு ஒப்பிட வேண்டியதுதான். எடைக்கு மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசு போதும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பந்துகளில் எடை ஏறி இறங்கினால் அந்தத் தயாரிப்பை விட்டுவிடுவது நல்லது. ஒரு இன்னிங்ஸுக்கு ஒரு பந்து, மற்றதற்கு வேறு பந்து என்று ஆடும் போட்டியில் பத்து கிராம் வித்தியாசம் கோப்பையையே மாற்றிவிடும்.

கையில் எப்படி இருக்கிறது என்பது அடுத்தது. ஆட்டக்காரர்கள் ‘அடி கேட்கிறது’, ‘மட்டையில் ஒட்டுகிறது’, ‘கையை உதறுகிறது’ என்று சொல்வதெல்லாம் மோதலின் கால அளவைப் பற்றியதே. கூடான டென்னிஸ் பந்து மட்டையில் நசுங்கி விரிய சில மில்லி விநாடிகள் எடுத்துக்கொள்ளும். தோல் பந்து ஏறக்குறைய ஒரு மில்லி விநாடியில் வேலையை முடித்துவிடும். நிறை கிட்டத்தட்ட மூன்று மடங்கு, நேரம் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோதான். ஆகவே ஒரே அளவு வேக மாற்றத்துக்குத் தோல் பந்து மட்டையில் ஏற்றும் சராசரி விசை பத்து மடங்கு அளவுக்குப் போய்விடும். டென்னிஸ் பந்துக்கென்று செய்த லேசான மட்டையைக் கார்க் பந்துக்கு எதிராகப் பிடித்தால் அது பிளந்துபோவதில் ஆச்சரியம் இல்லை.

குறுகிய மோதல் மட்டையின் அதிர்வையும் எழுப்பிவிடும். மட்டையின் நடுவில் சரியாகப் பட்டால் அதிர்வு பெரிதாகக் கிளம்பாது. விளிம்பிலோ நுனியிலோ பட்டால் கைப்பிடி வரை ஓடி வந்து விரலைக் கடிக்கும். நீண்ட நேரம் நசுங்கும் லைட் பந்து இந்த அதிர்வைத் தானே விழுங்கிவிடுகிறது. அதனால் அதில் ஆடுபவருக்கு நடுவில் பட்டதா விளிம்பில் பட்டதா என்பதே சரியாகத் தெரிவதில்லை. பயிற்சிக்கு இது ஒரு குறை. பள்ளி அணியிலோ மாவட்ட அணியிலோ சேர விரும்பும் பிள்ளைக்கு, வயதும் பாதுகாப்பும் இடம் கொடுக்கும்போது, கனத்த பந்தில் பழகுவதுதான் மட்டையைப் பேச வைக்கும். வெறும் பொழுதுபோக்குக்கு லைட் பந்தின் இந்த மந்தமே வசதி.

நிறமும் இந்தக் கணக்கில் வரும். சர்வதேச டென்னிஸ் விதிகளில் பளிச்சிடும் மஞ்சள் பந்து 1972இல் இடம்பெற்றது, தொலைக்காட்சியில் வெள்ளைப் பந்து சரியாகத் தெரியாத காரணத்தால். செம்மண் தரையில் பொழுது சாயும் நேரத்தில் சிவப்புப் பந்து மண்ணோடு மண்ணாகக் கரைந்துவிடும். மின்னொளி ஆட்டத்துக்கும் மாலை ஆட்டத்துக்கும் மஞ்சளோ இளம்பச்சையோதான் சரி.

பந்தில் பிளாஸ்டிக் டேப் ஒட்டி ஆடும் வழக்கம் கராச்சித் தெருக்களில் பெரிதாக வளர்ந்து எங்கும் பரவியது. டேப் மூன்று காரியம் செய்கிறது. ரோமத்தைப் படிய வைத்து இழுவையைக் குறைக்கிறது, கொஞ்சம் எடை சேர்க்கிறது, துணி தேய்வதைத் தடுக்கிறது. பாதிக்கு மட்டும் ஒட்டினால் நான்காவது ஒன்றும் நடக்கும். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு என்றானதும் காற்றடுக்கு இரண்டு பக்கமும் வெவ்வேறு இடத்தில் பிரிகிறது. பந்தின் பின்னால் வரும் சுழல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. தோல் பந்தை ஒரு பக்கம் மட்டும் பளபளக்கத் தேய்ப்பதன் பின்னாலும் இதே தத்துவம் இருக்கிறது. லேசான பந்து என்பதால் அதே விசைக்கு இன்னும் அதிகம் வளையும். மட்டையாளர்களுக்கு நியாயமா என்பது வேறு விஷயம். போட்டி நடத்துபவர்கள் டேப் உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தகராறு மிச்சம்.

இனி காசு. பந்தின் விலையைப் பார்ப்பதை விட ஓர் ஆட்டத்துக்கு என்ன செலவு என்று பார்ப்பதே சரியான கணக்கு. 60 ரூபாய்ப் பந்து இரண்டு ஆட்டம் தாங்கினால் ஆட்டத்துக்கு 30 ரூபாய். 100 ரூபாய்ப் பந்து ஐந்து ஆட்டம் தாங்கினால் 20 ரூபாய்தான். இது உதாரணக் கணக்கு, கடை விலை ஊருக்கு ஊர் மாறும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. பந்து தேய்ந்து சாகும்வரை கையில் இருக்கும் என்று அது நம்புகிறது. ஏரிக்கரையில் சீமைக்கருவேல முள்ளும், பக்கத்தில் கரும்புத் தோட்டமும், கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறும் இருக்கும் இடத்தில் பந்து தேய்வதற்கு முன்பே தொலைந்துபோகிறது. அங்கே நீண்ட நாள் உழைக்கும் பந்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். மலிவான, பளிச்சென்ற நிறமுள்ள பந்துகளை மொத்தமாக வாங்கி வைப்பதே லாபம். சுற்றிலும் வெட்டவெளியான பள்ளி மைதானமாக இருந்தால் தரமான பந்து தன் விலையை மீட்டுத் தரும்.

தேய்மானம் தரையைப் பொறுத்தது. வண்டல் படிந்த ஏரித்தரை பந்தின் துணியை மெதுவாகத்தான் தேய்க்கும். பாறைச் சில்லும் சரளைக்கல்லும் கலந்த செம்மண் மேடு உப்புத்தாள் போல உரித்துவிடும். சிமென்ட் ஆடுகளத்தில் துணி போவதற்கு முன் ஒட்டு பிரியும். வாங்கும்போது துணியின் இரண்டு துண்டுகளும் சேரும் ஒட்டுக் கோட்டை நகத்தால் நெருடிப் பார்ப்பது நல்ல வழக்கம். அங்கே விளிம்பு எழும்பியிருந்தால் அந்தப் பந்து முதலில் கிழிவது அந்த இடத்தில்தான். விரலால் பல இடங்களில் அழுத்தியும் பார்க்கலாம். ஒரு பக்கம் மெத்தென்றும் மறுபக்கம் விறைப்பாகவும் இருந்தால் சுவரின் தடிப்பு சீராக இல்லை. அப்படிப்பட்ட பந்து குத்தும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு உயரத்துக்கு எழும். வீச்சாளருக்கும் மட்டையாளருக்கும் ஒரே அளவில் அது துரோகம் செய்யும்.

பந்தை எங்கே வைப்பது என்பதும் செலவில் சேரும். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகத்தால் ஒன்றோடொன்று பிணைக்கும் முறையைச் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்த பிறகுதான் ரப்பர் கோடையில் பிசுபிசுக்காமலும் குளிரில் உடையாமலும் நின்றது. ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அந்தச் சங்கிலிகளை நாள்பட அறுத்துக்கொண்டே இருக்கும். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில் மாதக்கணக்கில் வெந்துகொண்டிருந்த பந்து ஆடாமலேயே கிழடாகிவிடும். நிழலான இடத்தில் துணிப்பையில் போட்டு வைத்தாலே அதன் ஆயுள் கூடும். நனைந்த பந்தை நிழலில்தான் உலர்த்த வேண்டும், அடுப்பருகில் அல்ல.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தேர்வை எல்லைக்கோட்டிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். 40 மீட்டர்கூட இல்லாத சந்து மைதானத்தில் ஹெவி பந்து போட்டால் சரியாகப் படாத அடியும் சிக்ஸராகும். ஆட்டம் கெடுவதோடு பக்கத்து வீட்டு ஓடும் உடையும். அங்கே லைட் பந்துதான் பொருந்தும். 50 மீட்டருக்கு மேல் எல்லை வைக்க முடிகிற ஏரித்தரையில் லைட் பந்தில் ஆடினால் பலசாலிகளைத் தவிர யாராலும் எல்லையைத் தாண்ட முடியாது, ஆட்டம் ஓட்டத்திலேயே போகும். அங்கே 90 கிராம் வட்டத்திலுள்ள ஹெவி பந்து வீச்சுக்கும் அடிக்கும் சம வாய்ப்பு கொடுக்கும். பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய மைதானமாக இருந்தாலும் லைட் பந்து தவிர வேறு எதையும் தரக்கூடாது.

காரணம் எளிய கணக்கு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் 58 கிராம் பந்து சுமக்கும் ஆற்றல் 22 ஜூல். 90 கிராம் பந்தில் அது 35. கார்க் பந்து தோல் பந்தின் எடையில் இருந்தால் 60 ஜூலைத் தாண்டும். டென்னிஸ் பந்து உடம்பில் பட்டால் தானே நசுங்கி, அடியைப் பரவலாக்கி, வலியோடு விட்டுவிடும். கார்க் பந்து நசுங்காது. நசுங்க வேண்டியது பட்ட இடம்தான். 2014 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்திருந்தும், அது மறைக்காத கழுத்தில் தோல் பந்து பட்டு இறந்தார். ஊர்ப்புற ஆட்டங்களில் பல்லும் விரலும் மூக்கும் உடைவதற்குக் கெட்டிப் பந்தை வெறுங்கையோடு எதிர்கொள்வதே வழி செய்கிறது. கால்காப்பு, கையுறை, உள்காப்பு, ஹெல்மெட் ஆகிய நான்கும் அணியில் இல்லையென்றால், பரிசுத் தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கார்க் பந்துப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.